நாலாம் தட்டு

தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனி அரை மணி நேரம் யாரும் தட்டைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தில்லைநாயகி கல்லூரி ஆய்வுக்கூடத்து மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆறு மேஜை, ஆறு கண்ணாடித் தட்டு, ஒவ்வொன்றிலும் உள்ளங்கைக் குழிக்குள் அடங்குகிற அளவு காய்ந்த பாசி. தண்ணீர் காட்டாமல் காயப்போட்டது, தொட்டால் பழைய தேங்காய் நார் மாதிரி நொறுங்கும், அதற்குள் உயிர் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் தண்ணீர் பட்ட அரை மணியில் எல்லாம் எழுந்துகொள்ளும், சுருண்ட இலைகள் விரியும், இடுக்கில் உருண்டை பிடித்துத் தூங்கிய நீர்க்கரடிகள், வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த எட்டுக்கால் குண்டன்கள், சோம்பல் முறித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும். ஐந்து தட்டில் அப்படித்தான் நடக்கும். நாலாம் தட்டில் நடக்காது. நாலாம் தட்டுப் பாசியை அவள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில், அது ஈரமாக இருந்தபோதே, இட்லிப் பானையில் வைத்து முக்கால் மணி நேரம் அவித்து, அடுப்பு மேடையில் உலர்த்தி, மற்றதோடு மற்றதாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்குத் தெரியாது. போயும் போயும் இட்லிப் பானையில்! மூன்று தடவை புளி போட்டுத் தேய்த்தும் நேற்றுக் காலை இட்லியில் மண் வாசனை அடித்தது, எனக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தின்றாள். நாலாம் மேஜையிலிருந்து 'அசையுது மேம்' என்று ஒரு குரல் வந்தால் போதும், எட்டு மாத உழைப்பும் குப்பைக்கூடைக்குத்தான். அதற்கான கடிதம் கைப்பையில் இருக்கிறது, முதல்வருக்கு எழுதியது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லச் சொல்ல எழுதி வாங்கியது. இந்தப் பாசி ஆய்வின் எண்களை நம்ப முடியாது, கோயம்புத்தூர் கருத்தரங்குக்குத் திங்கட்கிழமை அனுப்ப வேண்டாம், என்னைச் செய்முறை வகுப்பிலிருந்து விடுவித்துவிடுங்கள், காரணம் என் கண்.

கண் போய்விட்டது என்றால் முழுக்கப் போகவில்லை. 'ஓரமெல்லாம் இருக்கும்மா, நடுதான் போகுது' என்று டாக்டர் சொன்னபோது, புடவையில் கரை நன்றாகத்தான் இருக்கிறது, உடல்தான் கிழிந்திருக்கிறது என்று கடைக்காரர் சொல்வது போல இருந்தது அவளுக்கு. இரண்டரை வருஷமாயிற்று. நடக்க முடிகிறது, படி இறங்க முடிகிறது, ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் ஏறி வருவது தெரிகிறது, எதிரில் நிற்கிறவர் உடுத்தியிருப்பது என்ன நிறம் என்றுகூடச் சொல்லிவிடுவாள், முகத்தை மட்டும் யாரோ ஈரக்கையால் அழித்துவிட்டுப் போயிருப்பார்கள். முகத்துக்குப் பதில் குரலை வைத்துக்கொண்டாள், நடையை வைத்துக்கொண்டாள், லோகேஸ்வரன் செருப்பை இழுத்து நடப்பான், பிரிஸ்கா பேசுவதற்கு முன் ஒரு தடவை தொண்டையைக் கனைப்பாள். பாடம் முப்பது வருஷப் பாடம், தூக்கத்தில் கேட்டாலும் வரும். காலையில் பஸ் நிலையத்தில் போர்டைப் பார்க்காமல் அவள் நிற்பதைக் கண்டதும் கண்டக்டர், யாரும் கேட்காமலே, இவளுக்கென்றே ஊர்ப் பெயரை ஒரு தடவை கூடுதலாகக் கத்துகிறார், அந்த மனிதருக்கு ஒரு பொங்கலுக்காவது வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பொங்கலாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் சமாளிக்க முடிந்தது, மைக்ராஸ்கோப்பைத் தவிர. மைக்ராஸ்கோப்பில் காட்டுகிற எதையும் நடுவில்தானே கொண்டுவந்து வைப்பார்கள்? அப்படித்தான் அந்த முறை பிறந்தது. 'நீ பார்த்ததை வாயால சொல்லு, நான் கண்ணை வெச்சு சரிபார்க்கிறேன்.' கண்ணை வைப்பாள், ஐந்து எண்ணுவாள், பிள்ளை சொல்லும், இதோ இரண்டு கொக்கி நகம், இதோ வயிற்றுக்குள் பச்சையாகத் தின்றது தெரிகிறது, இவள் 'ம், வெரி குட்' என்று நகர்ந்துவிடுவாள். பிள்ளைகள் அப்படிச் சொல்லிச் சொல்லி, உண்மையிலேயே நன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், அதுதான் வேடிக்கை. முதல்வர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, இது புதிய கற்பித்தல் முறை என்று ஆசிரியர் நாளன்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். பளபளவென்று ஏதோ ஒன்று தோளில் விழுந்தது. என்ன நிறம் என்று தெரிந்தது, யார் போர்த்தியது என்பது குரல் கேட்ட பிறகுதான் தெரிந்தது. திருட்டுப் பொன்னாடை என்று அதை அலமாரியின் அடித்தட்டில் போட்டு வைத்திருக்கிறாள்.

பாசிக்கு வந்தது தற்செயல். போன ஆடியில் முதல் வகுப்பில், நாம் இந்த வருஷம் சூழல் மண்டலத்தைப் பாசியை வைத்துப் படிக்கப் போகிறோம், இங்கிலீஷில் மாஸ், என்று சொன்னதும் பின்வரிசை விசிலடித்தது. 'செம மாஸ் மேம்!' சினிமாக் கதாநாயகனுக்குச் சொல்கிற வார்த்தையைப் பாசிக்குச் சொல்கிறார்கள், சொல்லட்டும், தகுதியானதுதான். சரி, ஆளுக்குக் கொஞ்சம் பாசி கொண்டுவாருங்கள் என்றால் மறுநாள் பாதிப் பேர் தண்ணீர்த் தொட்டியில் வழித்த வழவழப்பைப் பாட்டிலில் கொண்டுவந்து வைத்தார்கள், வழுக்கி விழ வைப்பதும் பாசி, சுவரில் பச்சைக் கம்பளமாகப் படர்வதும் பாசி, தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் அவர்கள் மட்டும் என்ன செய்வார்கள்? அப்போதுதான் எல்லோரையும் நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற கல்சுவருக்குக் கூட்டிப்போய்க் கையை வைக்கச் சொன்னாள். அவளே வைத்தாள். அப்பா, அந்த நிமிஷத்தை மறக்க முடியுமா, பூனைக்குட்டி முதுகு மாதிரி ஈரமும் மெத்துமாக, விரலுக்கு விரல் வேறு வேறு பாசி, இது குட்டை, இது நார் நாராக, இது ஓரம் சுருண்டது, கண்ணை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தபோது தெரியாததெல்லாம் விரலுக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது, பனி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். அந்தச் சுவருக்கு அன்றே கும்பிடு போட்டிருக்க வேண்டும். பிறகு பாசியைச் சுரண்டினார்கள், முழுக் கம்பளத்தையும் வெட்டி வட்டத் திட்டுகளாக்கி நடுவில் வெறுங்கல்லாக விட்டார்கள், சில திட்டுகளுக்கு இடையே மட்டும் விரலளவு பாசிப் பாலம். இந்த மலையில் காடு எப்படி இருக்கிறதோ அப்படி, தேயிலைக்கு நடுவே இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு, குரங்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் தார் ரோட்டில் இறங்கித்தான் ஆக வேண்டும். காட்டில் என்ன ஆகிறது என்று பார்க்க நூறு வருஷம் ஆகும், பாசியில் ஆறு மாதம் போதும். எல்லாம் எஸ்டேட்டுப் பிள்ளைகள், ஒரு தடவை சொன்னதும் புரிந்துகொண்டார்கள். மாதா மாதம் ஒவ்வொரு திட்டிலும் ஒரு கிள்ளு எடுத்து உள்ளே எத்தனை உயிர் என்று எண்ணினார்கள். பாலம் உள்ள திட்டில் குறையவில்லை, தனித்திட்டில் குறைந்துகொண்டே போயிற்று. மற்றதைப் பிடித்துத் தின்கிற பெரிய உண்ணிகள்தான் முதலில் காணாமல் போயின. 'பெருசுதான் மொதல்ல போகுது மேம், புலி மாதிரி' என்றான் லோகேஸ்வரன்.

ஆனால் நாலாம் குழு. நாலாம் குழுவுக்குக் கொடுத்ததும் தனித்திட்டுத்தான், பாலம் கிடையாது, அதில் மட்டும் ஒன்றும் குறையவில்லை. ஐப்பசியில் பிரிஸ்கா வந்து 'எல்லாம் அப்படியே இருக்கு மேம், நீர்க்கரடி பதினொண்ணு' என்றபோது இவள் சின்னப்பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள், அட, பிழைச்சிருச்சே என்று! அந்தக் கைதட்டல்தான் இப்போது நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. ஏன் தட்டினாய், உன்னை யார் தட்டச் சொன்னது? அதன் பிறகு மாதா மாதம் பிழைத்துக்கொண்டே இருக்கிறது, கார்த்திகையில் பத்து, மார்கழியில் பன்னிரண்டு, மற்ற தனித்திட்டெல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இறங்கிய தை மாதத்திலும் பத்து. மேமுக்குப் பிடித்திருக்கிறது, மேம் சந்தோஷப்படுகிறார்கள், பாவம், இருக்கிறது என்றே சொல்லிவிட்டுப் போவோம். அப்படி நினைத்திருந்தால் அது பொய்கூட இல்லை, ஒருவகை அன்புதான், அதுதான் பயமே. அவளுக்குத் தெரியாதா? அவளும் ஒரு காலத்தில் மாணவிதானே? இளங்கலை இரண்டாம் வருஷத்தில் மைக்ராஸ்கோப்பில் அவள் பார்த்ததெல்லாம் தன் இமை மயிரைத்தான், ஆனால் ரெக்கார்டு நோட்டில் அச்சடித்த மாதிரி படம் வரைந்தாள், சீனியர் அக்கா நோட்டைப் பார்த்து, அந்த அக்கா அவளுடைய சீனியரைப் பார்த்து, முதன்முதலில் உண்மையாகவே பார்த்து வரைந்த புண்ணியவதி யாரோ. 'குட்' போட்டுக் கையெழுத்து வாங்கினாள். வாத்தியார் சந்தோஷப்பட்டார், இவளும் சந்தோஷப்பட்டாள், பார்க்க வேண்டிய உயிர் ஒன்று பாவம் கண்ணாடிக்கு அடியில் யாரும் பார்க்காமலே செத்தது. அதைவிட மோசம் இது, அன்று வாத்தியாருக்குக் கண் இருந்தது, குனிந்து பார்க்காதது அவர் சோம்பல். இங்கே? கண் தெரியாதவளுக்கு முன்னால் இருபத்திரண்டு பிள்ளைகளை நிற்க வைத்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழகச் சொல்லிக்கொடுத்துவிட்டேனா? பாசியைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பொய்யைச் சொல்லிக்கொடுத்துவிட்டேனா?

மணி எத்தனை ஆகியிருக்கும்? கேட்கலாம், கேட்டால் அவசரப்படுகிறாள் என்று தெரிந்துவிடும். நாலாம் மேஜைப் பக்கம் யாரோ சிரிக்கிறார்கள், டிபன் டப்பா மூடி விழுந்து உருள்கிறது. நல்ல பிள்ளைகள். நல்ல பிள்ளைகளைப் போய் அவித்த பாசியை வைத்துச் சோதிக்கிறாயே என்று ஒரு குரலும், நல்ல பிள்ளைகள்தான் பொய் சொல்லும், கெட்டதற்கு என்ன அக்கறை என்று இன்னொரு குரலும் உள்ளே மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தன. எத்தனை கொடுத்திருக்கிறார்கள் இவர்கள். மழைக்காலத்தில் அந்தச் சுவருக்குப் போகிற வழியில் வேர் தடுக்கும், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு பிள்ளை எதேச்சையாக வருகிற மாதிரி முன்னால் நடந்து 'இங்க வேர் மேம்' என்று சும்மா சொல்லும், தனக்கே சொல்லிக்கொள்வது போல. அட்டை ஏறினால் இவள் காலில் முதலில் பார்ப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து அவர்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அவளுக்கு ஒரு காட்சி, இந்த எட்டு மாதத்தில் தன் கண்ணால் பார்த்ததைவிட அதிகம் பார்த்திருக்கிறாள், கண்ணாடிப் பூவைப் போலத் தலையில் சக்கரம் சுழற்றுகிற சக்கரப்புழு, பாசி இலை நுனியில் ஏறிக்கொண்டு இறங்கத் தெரியாமல் திணறுகிற நீர்க்கரடி, அது இறங்குவதற்குள் மேஜையைச் சுற்றி நின்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவும் உண்மையாக இருக்க வேண்டும். எண்கள் போகட்டும், கருத்தரங்கு போகட்டும், வேலை போனாலும் போகட்டும், அந்த நீர்க்கரடி இறங்கியது மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். கும்பிட்டுக் கேட்டுக்கொள்ள அவளுக்குச் சாமி இல்லாமல் இல்லை, ஆனால் இட்லிப் பானையில் அவித்துவிட்டு எந்த முகத்தோடு கும்பிடுவது?

"டைம் ஆச்சு மேம்," என்றான் லோகேஸ்வரன்.

"பாருங்க."

ஸ்டூல்கள் நகர்ந்தன. முதல் மேஜையில்தான் முதலில் எழுந்தது, "எந்திரிச்சிருச்சு மேம், ரெண்டு!" பிறகு ஆறாம் மேஜை, பிறகு மூன்று, ஐந்து, இரண்டாம் மேஜையில் ஒருத்தன் "மாஸ்!" என்று கத்தி அடி வாங்கினான். நாலாம் மேஜையில் ஒரு சத்தமும் இல்லை. பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே கிசுகிசுவென்று பேசுகிறார்கள், ஊசி கண்ணாடியில் படுகிற சின்னச் சத்தம் கேட்கிறது, பிறகு மறுபடி ஒன்றுமில்லை. தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

"மேம், இங்க கொஞ்சம் வர்றீங்களா?"

போனாள். பழக்கத்தில் குனிந்து கண்ணை வைத்தாள். நடுவில் எப்போதும் போல அந்தச் சாம்பல். ஐந்து எண்ண மறந்துவிட்டாள்.

"என்ன தெரியுது, சொல்லு."

"இருக்கு மேம். ஏழு இருக்கு. ஆனா எல்லாம் கையக் கால நீட்டிக்கிட்டுக் கெடக்கு. ஊசியால தொட்டும் பாத்துட்டோம். ஒண்ணும் அசையல."

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை, அந்த ஐப்பசிக் கைதட்டல் விடவில்லை. "நல்லாப் பாரும்மா. மத்த அஞ்சு தட்டுலயும் அசையுதே? உங்க திட்டுதான் எப்பவும் பிழைக்கும்?"

பிரிஸ்காவின் குரல் தாழ்ந்திருந்தது. "அசையுதுன்னு சொன்னா உங்களுக்குத் தெரியவா போகுது மேம்? ஆனா அசையல."

"ஏ பிரிஸ்கா, வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு," என்று லோகேஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், அவன் சொன்ன விதத்திலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது, ஒருத்திக்கு இல்லை, இருபத்திரண்டு பேருக்கும் தெரியும்.

"எப்பருந்து?" என்றாள், கண்ணை எடுக்காமலே.

"ஃபர்ஸ்ட் இயர்லேருந்து மேம். லைட்டே போடாத மைக்ராஸ்கோப்புல பாத்து வெரி குட்னு சொன்னீங்க."

யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் சிரித்துவிட்டாள், அதைக் கேட்டதும் தில்லைநாயகிக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு நிற்கவில்லை, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருஷம்! ஐந்து வரை எண்ணி எண்ணி இரண்டு வருஷமாக ஒரு இருட்டைப் பார்த்து வெரி குட் சொல்லியிருக்கிறாள், வாய்க்கு வந்ததை இவர்கள் சொல்லியிருக்கலாம், பழைய ரெக்கார்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போயிருக்கலாம், யார் கேட்டிருப்பார்கள்? போகவில்லை. தெரிந்தும் போகவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப உங்க திட்டு மட்டும் எப்படிம்மா சாகாம இருந்துச்சு?"

"அதுக்கு மேல தண்ணி பைப் ஒழுகுது மேம். சொட்டிக்கிட்டே இருக்கறதால காயவே இல்ல. ரெக்கார்டுல மாசா மாசம் எழுதியிருக்கோம்."

"நான் படிக்கல."

"தெரியும் மேம்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. காலையில் கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்கிற குரல் மாதிரி, உள்ளதைச் சொல்லிவிட்டு நிற்கிற குரல். தில்லைநாயகி நிமிர்ந்தாள். இவ்வளவு நன்றியை ஒரு மனுஷி எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று இருந்தது. "இந்தத் தட்டை நான்தான் அவிச்சேன்," என்றாள். "ஞாயித்துக்கிழமை. இட்லிப் பானையில. நீங்க பொய் சொல்றீங்களான்னு பார்க்க. தப்பு என் பேர்லதான்."

"இட்லிப் பானையிலயா?" என்று இரண்டாம் மேஜையில் ஒருத்தன் அதிர்ந்து கேட்டான். கோபித்துக்கொள்வார்கள் என்று காத்திருந்தாள், கோபித்துக்கொண்டால் நல்லது என்றுகூட நினைத்தாள். பிரிஸ்கா நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"நாலாம் தட்டு, உயிரோட சைபர்னு போட்டுட்டேன் மேம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன எழுத?"

"உள்ளதை எழுது. மேம் அவித்துவிட்டார்."

பேனா ஓடியது. நின்றது. "எதனாலன்னு எழுதணுமா?"

வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டரை வருஷமாகக் கல்லூரியில் அவள் சொந்த வாயால் யாரிடமும் சொல்லாதது அது, டாக்டர் சொன்னதுண்டு, கடிதத்தில் உண்டு, அதுகூட இன்னொருத்தி கையெழுத்தில்.

"எழுதும்மா," என்றாள் தில்லைநாயகி. "மேமுக்குக் கண் தெரியாததால்னு எழுது."

பிரிஸ்கா எழுதினாள். எழுதி முடித்து, கேட்காமலே, அதைச் சத்தமாகப் படித்தும் காட்டினாள்.